புத்தகத்தை வைத்துப் புரோகிராமிங் படிப்பது எப்படி: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

பழைய புத்தகக் கடையில் ஒரு புரோகிராமிங் புத்தகம் கையில் கிடைத்தால், அட்டையைப் பார்க்கும் முன் அதன் பக்கவாட்டைப் பாருங்கள். மூடிப் பிடித்தால் தாள்களின் ஓரம் தெரியும் அல்லவா, அங்கே. முதல் 70, 80 பக்கங்களின் ஓரம் விரல் பட்டுப் பட்டு மங்கியிருக்கும். அதற்கு அப்புறம் உள்ள 500 பக்கமும் அச்சகத்திலிருந்து வந்த வெள்ளை மாறாமல் இருக்கும். வாங்கியவர் எந்த இடத்தில் கைவிட்டார் என்று புத்தகமே சொல்லிவிடும்.

பாளையங்கோட்டையில் டைப்ரைட்டிங்கும் கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுக்கிற ஒரு சின்ன இன்ஸ்டிடியூட்டில் சாயங்கால வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் கொண்டுவரும் புத்தகங்களில் அந்த அழுக்குக் கோடு அனேகமாக ஒரே இடத்தில்தான் நிற்கும். சி மொழி என்றால் பாயின்டர் அத்தியாயத்துக்கு முன்னால். பைத்தான் மொழி என்றால் ஃபங்ஷன் அத்தியாயத்துக்கு முன்னால். நான் காலேஜில் வாங்கிய முதல் சி புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது; அதை முடிக்க எனக்கு ஆறு வருஷம் பிடித்தது. அந்தக் கோட்டைத் தாண்டுவதற்குத்தான் இந்த வழிகாட்டி.

எதற்கு என்று ஒரு வரி

"கம்ப்யூட்டர் கத்துக்கணும் சார்" என்று வருகிறவர்களிடம் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்து, எதற்கு என்று ஒரே வரியில் எழுதச் சொல்வேன். "மூணாவது செமஸ்டர் சி அரியரை முடிக்கணும்" என்று ஒருவர் எழுதுவார். "பாத்திரக் கடை ஸ்டாக்கை எக்ஸெலில் ஏத்தணும்" என்று இன்னொருவர். "டைப்பிஸ்ட் வேலைக்கு சிஓஏ பாஸ் பண்ணணும்" என்று ஓர் அக்கா. மூன்று பேரும் படிக்க வேண்டிய புத்தகம் வேறு வேறு. அரியர்காரருக்குப் பாடத்திட்டத்தை ஒட்டிய புத்தகம் வேண்டும், அது எவ்வளவு வறட்சியாக இருந்தாலும் சரி. கடைக்காரருக்கு எக்ஸெலின் எல்லா மெனுவும் வேண்டாம்; கூட்டல், வடிகட்டல், விலை தேடிப் பிடித்தல் என்று நாலு அத்தியாயம் போதும். சிஓஏ என்பது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிற தேர்வு. அதற்கு அந்தப் பாடத்திட்டத்தின் வரிசைப்படி எழுதிய கையேடும், தட்டச்சு வேகமும் இருந்தால் ஆயிற்று.

ஒரு வரி எழுத வரவில்லை என்றால் இன்னும் புத்தகம் வாங்கும் நேரம் வரவில்லை.

இன்னொரு விஷயம். கம்ப்யூட்டர் புத்தகங்களில் வாசிக்கிறதற்கு என்று எழுதியது உண்டு, புரட்டிப் பார்க்கிறதற்கு என்று எழுதியதும் உண்டு. 1,000 பக்கத்துக்கு மேல் தடிமனாக, முழுமையானது என்று அட்டையில் போட்டு வருகிறவை அனேகமாக இரண்டாவது ரகம். அதை முதல் பக்கத்திலிருந்து வாசிப்பது அகராதியை 'அ'விலிருந்து வாசிப்பது மாதிரி. தடிமனைப் பார்த்து வாங்கியவர்கள்தான் முதலில் கைவிடுகிறார்கள்.

காசு கொடுக்காமல் தொடங்குங்கள்

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது பள்ளிப் பாடநூல். கிண்டல் இல்லை. தமிழ்நாடு பாடநூல்களில் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் சி பிளஸ் பிளஸ்ஸைச் சொல்லிக்கொடுக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு பைத்தானையும், கூடவே தரவுத்தளத்துக்கான சீக்வெலையும். பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலில் வலைப்பக்கம் எழுதக் கற்கலாம். எல்லாம் தமிழ் வழியிலும் உண்டு, இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால் அச்சுப் புத்தகமே கிடைக்கும், பரணில் ஏறுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

அந்த நூல்களில் ஒரு சிக்கல் உண்டு. வேரியபிள் அங்கே மாறி. ஃபங்ஷன் செயற்கூறு. லூப் மடக்கு. ஸ்டிரிங் சரம். கம்பைலர், அதாவது நாம் எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள், நிரல்பெயர்ப்பி. சொற்கள் நல்ல சொற்கள்தான், எனக்கு 'மடக்கு' ரொம்பப் பிடிக்கும். ஆனால் நாளைக்கு எர்ரர் வரும்போது கணினி ஆங்கிலத்தில்தான் கத்தும். ஆகையால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவில் ஒரு கோடு போட்டு, இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆங்கிலச் சொல் என்று சேர்த்துக்கொண்டே வாருங்கள். 60 சொல் சேர்ந்ததும் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்தால் வருகிற பயம் பாதி போய்விடும். கம்ப்யூட்டர் புத்தகத்தின் ஆங்கிலம் செய்தித்தாள் ஆங்கிலத்தைவிட எளிது. அதே 200 சொல்தான் திரும்பத் திரும்ப வரும்.

அடுத்தது கணியம். 2012 முதல் தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவரும் இதழ் அது. 'எளிய தமிழில்' என்று தொடங்கும் தலைப்புகளில் து. நித்யா எழுதிய மைசீக்வெல் (தரவுத்தளம்), ஹெச்டிஎம்எல் (வலைப்பக்க மொழி) போன்ற மின்னூல்களை அங்கே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நாம் ஒருவருக்கொருவர் பேசுகிற தமிழுக்குப் பக்கத்தில் இருக்கும் நடை. ஆங்கிலத்தில் என்றால், ஆலன் டவுனியின் திங்க் பைத்தானும் அல் ஸ்வைகார்ட்டின் ஆட்டோமேட் த போரிங் ஸ்டஃப்பும் இணையத்தில் இலவசமாகவே வாசிக்கக் கிடைக்கின்றன. புரோகிராமராகப் போகிறவருக்கு முதலாவது. ஆபீஸில் நூறு எக்ஸெல் ஃபைலோடு மல்லுக்கட்டுகிறவருக்கு இரண்டாவது.

அச்சுப் புத்தகம்தான் கைக்கு வசதி என்றால் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகுங்கள். நூலகப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது அதன் திருப்பித் தரும் தேதி. சொந்தப் புத்தகம் பொறுமையாகக் காத்திருக்கும், வருஷக்கணக்கில்.

வாங்கும் முன் வயதைப் பாருங்கள்

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நான் பட்ட பாடு அப்படி.

முதன்முதலில் பைத்தான் படிக்க உட்கார்ந்தபோது ஒரு கடையில் பாதி விலைக்கு ஒரு புத்தகம் வாங்கினேன். முதல் அத்தியாயம், முதல் புரோகிராம்: பிரிண்ட் என்று போட்டு, ஓர் இடைவெளி விட்டு, மேற்கோள் குறிக்குள் ஒரு வாக்கியம். அப்படியே அடித்தேன். எர்ரர். எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். எர்ரர். பைத்தானை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன். ஒரு சனியும் ஞாயிறும் அதிலேயே போயிற்று. தப்பு என் மேலும் இல்லை, கம்ப்யூட்டர் மேலும் இல்லை. புத்தகம் பைத்தான் 2க்கு எழுதியது; என் மெஷினில் இருந்தது பைத்தான் 3. பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். அதில் பிரிண்டுக்குப் பின்னால் அடைப்புக்குறி கட்டாயம். பழைய 2க்கான ஆதரவை 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு நிறுத்தியே விட்டார்கள். பாதி விலைக்கு ஏன் கொடுத்தார்கள் என்று அப்புறம்தான் புரிந்தது.

அதனால் புத்தகத்தைத் திறந்ததும் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் போங்கள். அங்கே இரண்டு வருஷங்கள் இருக்கும்: பதிப்பு வருஷம் ஒன்று, மறு அச்சு வருஷம் ஒன்று. 2019 மறு அச்சு என்று பெரிதாக இருக்கும்; மேலே பார்த்தால் பதிப்பு 2004. உள்ளே இருக்கும் விஷயத்துக்கு வயது 2004தான். தாளுக்கு மட்டும்தான் 2019.

சரி, பழசு எல்லாம் குப்பையா? அதுவும் இல்லை. பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய சி புத்தகம் 1978இல் வந்தது, 1988இல் இரண்டாம் பதிப்பு. அந்த இரண்டாம் பதிப்பு 300 பக்கம்கூட இல்லை, இன்றைக்கும் உதவுகிறது. (முதல் புத்தகமாக மட்டும் அதை எடுக்காதீர்கள். அரைப் பக்கத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள், நாம் அரை நாள் யோசிக்க வேண்டியிருக்கும்.) சீக்வெலின் அடிப்படை 1970களில் போட்டது, 20 வருஷப் பழைய புத்தகத்தில் படித்தாலும் முக்கால்வாசி செல்லும். மொழியின் அடிப்படை, தரவு அமைப்பு, சீக்வெல் ஆகியவற்றுக்குப் பழைய புத்தகம் பரவாயில்லை. மொபைல் ஆப், வலைத்தள ஃபிரேம்வொர்க், குறிப்பிட்ட மென்பொருளின் திரைப் படங்கள் போட்டது என்றால் மூன்று வருஷத்துக்கு மேல் பழசானதைத் தொடாதீர்கள். எக்ஸெல் புத்தகத்தில் மொத்த வரிசைகள் 65,536 என்று எழுதியிருந்தால் அது 2007க்கு முந்தையது. இப்போது 10,48,576. மெனு இருந்த இடங்களும் அடியோடு மாறிவிட்டன.

நம் கடைகளில் கிடைக்கும் சி புத்தகங்களுக்கு என்று தனியாக ஒரு சோதனை உண்டு. முதல் புரோகிராமைப் பாருங்கள். மேலே கோனியோ என்ற வரியும், உள்ளே கிளியர்ஸ்கிரீன், கெட்ச் என்ற வரிகளும், தொடக்கத்தில் வாய்டு மெயினும் இருந்தால் அது டர்போ சி என்ற பழைய கம்பைலர் காலத்துப் புத்தகம், அந்த நீலத் திரைக்காரர். வீட்டில் ஜிசிசி என்ற இன்றைய கம்பைலர் வைத்திருப்பவர் அந்த மூன்று வரிகளையும் எடுத்துவிட்டு வாய்டு மெயினை இன்ட் மெயின் ஆக்கிக்கொண்டால் பெரும்பாலான பாடங்கள் ஓடும். ஆனால் விடை மாறும் இடங்கள் உண்டு. டர்போ சியில் இன்ட் என்ற முழு எண் வகை 16 பிட். அதில் அடங்கும் பெரிய எண் 32,767. அதில் 40,000 என்று போட்டுப் பார்த்தால் கழித்தல் குறியோடு 25,536 என்று வந்து நிற்கும். இன்றைய கம்பைலரில் 40,000 என்றே வரும். புத்தகத்தில் இருக்கும் விடையும் திரையில் வரும் விடையும் வேறாக இருந்தால் உங்களையே சந்தேகப்படுவதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

மெஷின்

இதில் ரொம்ப மெனக்கெட வேண்டாம். பழைய லேப்டாப், 4 ஜிபி ராம் போதும். சி, பைத்தான் இரண்டும் அதில் நன்றாக ஓடும். விண்டோஸ் திணறினால் லினக்ஸ் போடுங்கள். மொபைலில் படிக்கலாமா என்று கேட்பார்கள். ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் பத்து வரிக்கு மேல் அடிக்கக் கட்டைவிரல் ஒத்துழைக்காது. இருப்பதை வைத்துத் தொடங்குங்கள், லேப்டாப் வாங்கிவிட்டு ஆரம்பிக்கிறேன் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

புரோகிராம் அடிக்கும் மென்பொருளாக, அதாவது எடிட்டராக, புத்தகம் எதைச் சொல்கிறதோ அதையே முதல் மாதம் பயன்படுத்துங்கள். எந்த எடிட்டர் நல்லது என்று தேட ஆரம்பித்தால் அதிலேயே பொங்கல் வந்து தீபாவளியும் வந்துவிடும்.

விரலால் வாசிப்பது

இதுதான் முக்கியமான பகுதி. தினம் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் 15 நிமிஷம் புத்தகம் மட்டும், கம்ப்யூட்டர் மூடியே இருக்கட்டும். இரண்டு மூன்று பக்கம் வாசியுங்கள். ஒரு புரோகிராம் வந்தால் அதற்குக் கீழே போட்டிருக்கும் விடையைக் கையால் மறைத்துக்கொண்டு, என்ன வரும் என்று நோட்டில் எழுதுங்கள். அப்புறம் கம்ப்யூட்டரைத் திறந்து புரோகிராமை அடியுங்கள். வெட்டி ஒட்டாதீர்கள். மின்னூலிலிருந்து வெட்டி ஒட்டினால் அச்சுக்காக வளைத்துப்போட்ட மேற்கோள் குறிகள் கூடவே வரும். கண்ணுக்கு ஒன்றுதான், கம்பைலருக்கு அது வேறு எழுத்து. பைத்தானில் இன்னொரு கண்ணி: புரோகிராம் ஒரு பக்கத்தின் அடியில் தொடங்கி அடுத்த பக்கத்தில் தொடரும்போது வரியின் தொடக்க இடைவெளி எத்தனை என்று தெரியாமல் போகும். பைத்தானுக்கு அந்த இடைவெளிதான் இலக்கணம்.

ஓடிவிட்டதா? இப்போது கெடுங்கள். ஓர் அடைப்புக்குறியை எடுத்துவிடுங்கள், ஒரு பெயரைத் தப்பாக அடியுங்கள், ஓட்டுங்கள். என்ன எர்ரர் வருகிறது என்று நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுங்கள்: எர்ரரின் முதல் நாலு வார்த்தை, எதனால் வந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத அத்தியாயம் இது, நீங்களேதான் எழுத வேண்டும். ஒரு மாதத்தில் 20 எர்ரர் சேரும். அதற்குமேல் புதிதாக அதிகம் வராது, பழையவைதான் திரும்பத் திரும்ப வரும்.

கடைசி 20 நிமிஷம் புத்தகத்தை மூடிவிட்டு அதே புரோகிராமை நினைவிலிருந்து எழுதுங்கள். வராது. முதல் வாரம் யாருக்கும் வராது. எங்கே நின்றுபோகிறதோ அந்த வரியை மட்டும் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடுங்கள்.

கணக்கு உங்கள் வீட்டுக் கணக்காக இருக்கட்டும்

புத்தகத்தில் ஊழியர் சம்பளம், வங்கி இருப்பு, பீட்சா ஆர்டர் என்றுதான் பயிற்சிகள் வரும். பீட்சா ஆர்டரில் பிழை வந்தால் நமக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்த கணக்கில் பிழை வந்தால் மனசு உடனே உறுத்தும்.

எனக்கு வாய்த்தது பீடிக் கணக்கு. முக்கூடலில் என் சித்தி பீடி சுற்றுகிறாள். ஆயிரத்துக்கு இத்தனை ரூபாய் என்று கூலி, சரியில்லாத பீடிக்குக் கழிவு. முதல் அத்தியாயம் முடிந்ததும் அதை வைத்து ஒரு புரோகிராம் எழுதினேன். திங்கள்கிழமை சுற்றிய எண்ணிக்கையைக் கேட்கும், செவ்வாய்க்கிழமை எண்ணிக்கையைக் கேட்கும், இரண்டையும் கூட்டிச் சொல்லும். சித்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து 700 என்றும் 800 என்றும் அடித்தேன். திரையில் 700800 என்று வந்தது.

"ஏழு லட்சத்து எண்ணூறா? ரெண்டு நாள்லயா? அந்தக் கம்ப்யூட்டரையே சுத்தச் சொல்லுடே" என்றாள் சித்தி.

பைத்தானில் இன்புட் என்று கேட்டு வாங்குவது எதுவானாலும் எழுத்தாகத்தான் வரும். எழுத்தையும் எழுத்தையும் கூட்டினால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டும், அவ்வளவுதான். இன்ட் என்று போட்டு எண்ணாக மாற்றிய பிறகுதான் 1,500 வரும். புத்தகத்தில் இது மூன்று வரியில் இருந்தது, நான் வாசித்துவிட்டுத் தாண்டியிருந்தேன். சித்தி சிரித்த பிறகு மறக்கவில்லை.

அதே கணக்கைப் பைத்தான் 2இல் போட்டிருந்தால் இன்னொரு கூத்து நடந்திருக்கும். 700ஐ 1,000ஆல் வகுத்துக் கூலியால் பெருக்கினால் விடை பூஜ்யம். அங்கே முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் உதிர்ந்துவிடும். சியில் இன்றைக்கும் அப்படித்தான். முதலில் பெருக்கிவிட்டு அப்புறம் வகுங்கள், அல்லது ஓர் எண்ணைத் தசமமாக்குங்கள்.

அந்த ஒரே புரோகிராமை அத்தியாயம் அத்தியாயமாக வளர்த்துக்கொண்டு போங்கள். இஃப் படித்த அன்று, கழிவு ஓர் எண்ணிக்கையைத் தாண்டினால் எச்சரிக்கச் சொல்லுங்கள். லூப் படித்ததும் ஏழு நாளையும் ஒரே கேள்வியில் அடக்குங்கள். லிஸ்ட் வந்ததும் எந்த நாள் அதிகம் என்று கேளுங்கள். ஃபங்ஷன் வந்ததும் கூலிக் கணக்கைத் தனியே பிரித்து வையுங்கள், அடுத்த வருஷம் கூலி கூடினால் ஓர் இடத்தில் மட்டும் மாற்றினால் போதும். ஃபைல் படித்ததும் வாரக் கணக்கைச் சேமியுங்கள். புத்தகம் முடியும்போது உங்கள் கையில் உருப்படியாக ஒன்று இருக்கும். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, வாழைத்தார் ஏலக் கணக்கு, எது வீட்டில் ஓடுகிறதோ அது.

ஆங்கிலப் புத்தகம் சொல்லாத ஒன்று

சரங்கள் பற்றிய அத்தியாயம் வந்ததும், புத்தகத்தில் இருக்கும் ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு நெல்லை என்று தமிழில் அடித்து, லென் போட்டு அதன் நீளத்தைக் கேளுங்கள். மூன்று என்று வரும் என்று நினைப்பீர்கள். ஆறு என்று வரும்.

எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் 'நெ' என்பது இரண்டு குறியீடுகள்: ந ஒன்று, எகரக் குறி ஒன்று. 'ல்' என்பது ல ஒன்று, புள்ளி ஒன்று. 'லை' ல ஒன்று, ஐகாரக் குறி ஒன்று. ஆக ஆறு. திருநெல்வேலி என்று போட்டால் 12 வரும், எழுத்து ஆறுதான். வள்ளியூருக்கு ஒன்பது, ஏனென்றால் தொடக்கத்து 'வ' தனி அகரம், அதற்கு ஒன்று போதும். சொல்லைத் திருப்பிப்போடும் பயிற்சி எல்லாப் புத்தகத்திலும் உண்டு. நெல்லையை அப்படித் திருப்பினால், ஒட்ட ஆளில்லாத ஐகாரக் குறி முன்னால் தொங்க, பின்னால் 'ல்லெந' என்று வரும். பிழை உங்களுடையது இல்லை. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு குறியீடு என்று பழகியவர் எழுதிய பயிற்சி அது. எழுத்தெழுத்தாகப் பிரிக்க ஓபன் தமிழ் என்ற இலவச நிரலகம் உண்டு. தமிழிலேயே புரோகிராம் எழுதுவதற்கான எழில் மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் செய்தது. அதை எடுத்துப் போடும் முன் நீங்களே ஒரு லூப் எழுதிப் பாருங்கள்: அடுத்து வருவது துணைக்குறியா புள்ளியா என்று பார்த்து, ஆமென்றால் முந்தையதோடு ஒட்டு. 15 வரிதான் வரும். என் மாணவர்களில் லூப் புரியாமல் தடுமாறிய பலருக்கு அந்த 15 வரியில்தான் புரிந்தது.

இதே காரணத்தால், தமிழ்த் தட்டச்சு சொல்லித்தரும் புத்தகம் வாங்கினால் அது எந்த எழுத்துருவைப் பிடித்து எழுதியது என்று பாருங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தது வேறு கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றுவிட்டது. 1999இல் வந்த தமிழ்99 விசைப்பலகையைச் சொல்லித்தரும் புத்தகமாகப் பார்த்து எடுங்கள். டைப்ரைட்டிங் படித்தவர் பழைய தட்டச்சு முறையிலேயே தொடரலாம், யூனிகோடில் அதற்கும் வழி இருக்கிறது.

அழுக்குக் கோட்டைத் தாண்டுவது

ஒரு நாள் புத்தகம் திடீரென்று புரியாமல் போகும். நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது, இன்றைக்கு ஒரு பக்கத்தை நாலு தடவை வாசித்தும் மண்டையில் ஏறவில்லை. அந்த இடம்தான். எனக்கு மூளை இல்லை என்று முடிவு கட்டிப் புத்தகத்தைப் பரணில் போடுவது அங்கேதான்.

முதலில் இரண்டு அத்தியாயம் பின்னால் போய், அங்கே உள்ள பயிற்சிகளைப் புத்தகம் பார்க்காமல் செய்யுங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேதான் இருக்கும். லூப் அரைகுறையாக இருக்க, லூப்புக்குள் லூப் எப்படிப் புரியும்? அது சரியாக இருந்தும் புரியவில்லையென்றால் வேறொரு புத்தகத்தில் அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் வாசியுங்கள். நூலகத்தில் நின்றபடியே வாசித்துவிட்டு வரலாம். இரண்டாவது புத்தகத்துக்கே மாறிவிடாதீர்கள், மாறினால் அதிலும் 80ஆம் பக்கம்வரை அழுக்காக்கிவிட்டு மூன்றாவதைத் தேடுவீர்கள்.

பாயின்டருக்கு மட்டும் நான் சொல்லிக்கொடுக்கும் விதத்தைச் சொல்கிறேன். நெல்லை டவுனில் நெல்லையப்பர் கோவிலைச் சுற்றி ரத வீதிகள். கீழ ரத வீதியில் மூன்றாவது வீடு என்று ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்திருக்கிறீர்கள். சீட்டுதான் பாயின்டர், வீடு என்பது மதிப்பு. சீட்டைக் கிழித்தால் வீடு இடியாது. அதே முகவரியை இன்னொரு சீட்டில் எழுதி என்னிடம் தரலாம். நான் போய் வீட்டுக்குப் பச்சை பெயின்ட் அடித்தால், நீங்கள் உங்கள் சீட்டைப் பிடித்துப் போனாலும் பச்சை வீடுதான் தெரியும். சீட்டில் இருப்பதை அழித்துவிட்டு மேல ரத வீதி என்று எழுதலாம், வீடு நகராது. வீட்டை இடித்துவிட்டார்கள், சீட்டு மட்டும் உங்கள் பையில் இருக்கிறது, நம்பிப் போனால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்களோ. சி புரோகிராம் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போவது பெரும்பாலும் இந்தக் கடைசி விஷயத்தால்தான். நட்சத்திரக் குறி போட்டால் சீட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்று அர்த்தம். ஆம்பர்சாண்ட் குறி போட்டால் இந்த வீட்டின் முகவரியை எழுதிக் கொடு என்று அர்த்தம். புத்தகத்தில் இந்தக் குறிகள் வரும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் சீட்டா வீடா என்று எழுதிக்கொண்டே போங்கள். சொந்தப் புத்தகத்தில்தான், நூலகப் புத்தகத்தில் வேண்டாம்.

இன்னொன்று, காகிதத்தில் ஓட்டிப் பார்ப்பது. நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஒரு பத்தி, லூப் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரிசை. நீங்களே கம்ப்யூட்டராக இருந்து ஒவ்வொரு வரியையும் செய்யுங்கள். சலிப்பான வேலை, ஆனால் இண்டர்வியூவில் வெள்ளைத் தாளைக் கொடுத்து எழுதச் சொல்லும்போது கைகொடுப்பது இதுதான். கங்கைகொண்டான் ஐடி பூங்காவுக்கோ தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் இருக்கும் ஸோஹோவுக்கோ போக வேண்டும் என்று வரும் பிள்ளைகளிடம், வாரம் ஒரு நாள் கரண்ட் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு தாளில் மட்டும் எழுதுங்கள் என்பேன்.

வீடியோவும் ஏஐயும்

"யூடியூப் இருக்கு, கேட்டா எழுதிக் கொடுக்க ஏஐயும் இருக்கு, புக் எதுக்கு அண்ணாச்சி?" இந்தக் கேள்வி வாரம் ஒரு தடவை வரும். வீடியோ அதன் வேகத்தில் ஓடும், நாம் தலையாட்டிக்கொண்டே இருப்போம், கை சும்மா இருக்கும். புத்தகம் நாம் நகர்ந்தால்தான் நகரும். அந்தத் தொல்லைதான் எனக்கு வேண்டியிருக்கிறது. ஏஐயை நானும் பயன்படுத்துகிறேன், ஒரு நிபந்தனையோடு: 20 நிமிஷம் நானே முட்டிப் பார்த்த பிறகு, புரோகிராமை எழுதித் தா என்று கேட்காமல், இந்த எர்ரருக்கு என்ன அர்த்தம் என்று கேட்பேன். புத்தகத்தின் பயிற்சிகளுக்கு விடை கேட்டு வாங்கினால் அடுத்தவர் நீந்துவதைப் படித்துறையில் உட்கார்ந்து பார்த்த மாதிரிதான். தாமிரபரணியில் அப்படி யாரும் நீச்சல் கற்றதாக நான் கேள்விப்படவில்லை.

எத்தனை நாள் ஆகும்

தினம் ஒரு மணி நேரம் என்றால், 300 பக்கத்து அறிமுக நூல் ஒன்றை முடிக்க நாலு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளில், இருபத்தொரு நாளில் என்று அட்டையில் போட்டிருப்பது அச்சிட்டவருக்கு. ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்த அன்று அந்தப் பக்கத்தின் மூலையில் தேதி போடுங்கள். எட்டு நாளைக்கு மேல் இடைவெளி விழுந்தால் முந்தைய அத்தியாயத்தின் பயிற்சி ஒன்றைச் செய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

கூட ஓர் ஆள் இருந்தால் நல்லது. இரண்டு பேருக்கு ஒரு புத்தகம், ஞாயிற்றுக்கிழமை காலை ஒருவர் இன்னொருவருக்கு ஓர் அத்தியாயத்தைச் சொல்லிக்காட்டுவது. சொல்லிக்காட்டும்போது எங்கே வாய் குழறுகிறதோ அங்கே இன்னும் படிக்க வேண்டும்.

என்னுடைய பழைய சி புத்தகம் இப்போது வண்ணார்பேட்டையிலிருந்து வரும் ஒரு பாலிடெக்னிக் பையனிடம் இருக்கிறது. கோனியோ வரிகளை எல்லாம் பென்சிலால் அடித்துவிட்டுத்தான் கொடுத்தேன். போன வாரம் கொண்டுவந்து மேஜையில் வைத்தபோது பக்கவாட்டைப் பார்த்தேன். பாயின்டர் அத்தியாயத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு விரற்கடை அழுக்கேறியிருந்தது, நடுவில் டீக்கறை ஒன்றும்.